ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம்

ஏப்ரல் 1, செவ்வாய்

லிஃப்ட் வேலை செய்யவில்லை. எட்டு மாடி. இந்த ஆய்வைத் திட்டமிட்டவர்கள் மொட்டை மாடியின் வெயிலைப் பற்றி எவ்வளவோ யோசித்திருக்கிறார்கள். அதுவரைக்கும் ஏறப்போகிற ஐம்பத்து மூன்று வயதுக்காரியின் முழங்காலைப் பற்றி யோசிக்கவில்லை.

வேலை இதுதான். ஆற்றோரத்திலிருந்தும் கால்வாய் ஓரத்திலிருந்தும் கிளப்பிக்கொண்டுவந்து ஜனங்களைக் குடிவைத்த அடுக்குமாடிகள். பி பிளாக்கின் மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். டி பிளாக்குக்கு அடிக்கவில்லை. இரண்டிலும் எட்டாவது மாடியில் இருபத்து நான்கு வீடுகள். வாரம் இரண்டு தடவை போய் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்று கேட்க வேண்டும், சுவரில் மாட்டிய வெப்பமானியைக் குறிக்க வேண்டும். எல்லாம் டேப்பில், அந்தக் கையடக்கக் கணினியில், ஏறும். பி பிளாக்காரர்கள் டி பிளாக்காரர்களைவிட நன்றாகத் தூங்கினால், மழைக்கு முன்னால் எல்லா பிளாக்குக்கும் வெள்ளை அடிப்பதாக குடியிருப்பு வாரியம் சொல்லியிருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லையென்றால் யாருக்கும் கிடையாது.

பி பிளாக் என்னோடு வேலை செய்யும் மாணிக்கவேலுக்கு. டி பிளாக் எனக்கு.

ஆய்வை நடத்தும் டாக்டர் ஆனந்தவல்லி மூன்று விதி சொன்னார். ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம். டீ, காபி குடிக்கக்கூடாது. ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொல்லக்கூடாது.

"நாம போய் உக்காந்து ஆறுதலா பேசுனாலே பாதிப் பேருக்கு பிரஷர் இறங்கிடும், மேடம். அப்புறம் எதனால இறங்குச்சுன்னு எனக்குத் தெரியாமப் போயிடும்" என்றார். வயது முப்பத்தாறு. என் மகளைவிட எட்டு வயதுதான் அதிகம். தலையாட்டினேன்.

தினமும் கிளம்பும் முன் மிஷினை என் கையிலேயே போட்டுச் சரிபார்க்க வேண்டுமாம். 148/94. மிஷின் சரியாக இருக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

வீடுகளுக்கு நடுவே நீண்ட நடைவழி. இரண்டு பக்கமும் சேர்த்து இருபத்து நான்கு கதவு, இருபத்து நான்கும் சாத்தியிருக்கின்றன. தட்டினால் முதலில் தாழ்ப்பாள் சங்கிலி, பிறகு ஒரு கண், பிறகுதான் ஆள். வெளியே முப்பத்தெட்டு டிகிரி என்றால் உள்ளே நாற்பது. கதவைத் திறந்து வைத்தால் நடையில் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. யாரும் திறப்பதில்லை.

பதினேழாம் எண் வீட்டில் தேசம்மா. அறுபத்து மூன்று வயது, தனி ஆள். ஆறு பிள்ளைகளில் ஒருவன் வேன் ஓட்டுகிறான், அவன் மட்டும் மாதம் ஒரு தடவை வருவான். 164/98.

"ராவுல கதவத் தொறந்து வெச்சா காத்து வருமே?" என்று கேட்டேன்.

"வரும். கூடவே எவனாச்சும் வருவான், கேஸ் சிலிண்டரத் தூக்கினு பூடுவான். யாரு எவருன்னே தெரியாத எடத்துல கதவத் தொறந்து போட்டு தூங்கறதுக்கு எனக்கு இன்னா பைத்தியமா?"

"எவ்வளவு நாளா இங்க இருக்கீங்க?"

"நாலு வருசம்."

டீ வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மகள் பூனாவிலிருந்து பேசினாள். நான்கு நிமிடம். மீட்டிங் இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமையிலும். மூன்று நாளைக்கு ஆகும்படி சாம்பார் வைத்துவிட்டேன். ஒருத்திக்கு என்று அளந்து வைக்க, அவள் பூனா போன இந்த நான்கு வருடத்தில் கை பழகவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

தேசம்மாவுக்கு 160/96. உப்பைக் குறைக்கச் சொன்னேன். கருவாட்டையும். "அப்பால நான் இன்னாத்துக்கு உசுரோட இருக்கணும்?" என்றார். மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பார்க்க டப்பாவைத் திறக்கச் சொன்னேன். போன மாத மாத்திரை பாதி அப்படியே இருந்தது. எட்டு மாடி இறங்கி ஆரம்ப சுகாதார நிலையம் போய் வந்தால் இரண்டு நாள் கால் நோவாம், அதனால் ஒன்றுவிட்டு ஒரு நாள் சாப்பிட்டுச் சேமிக்கிறாராம். இதையெல்லாம் கேள்வித்தாள் கேட்காது. பன்னிரண்டு நிமிடத்தில் தெரியவும் தெரியாது.

இனிமேல் பதினேழை வரிசையில் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். அடுத்த வீட்டுக்காரர்களைக் காக்கவைக்க வேண்டாமே என்றுதான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று ஒரு விதி மீறினேன். எழுதி வைக்கிறேன்.

பதினான்கில் பியூலா, ரவிக்கை தைக்கிற பெண். வயது இருபத்து மூன்று. புருஷன் கன்டெய்னர் லாரியோடு போனால் பத்து நாள். ஏழு மாதக் குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, அதோடு காய்ச்சல். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். "யாரைக் கேக்கறதுன்னே தெரியல மேடம்."

குழந்தையை உடனே சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோகச் சொன்னேன். தனியாகப் போகப் பயந்தாள். "எதிர்ல பதினேழுல தேசம்மானு ஒருத்தர் இருக்காங்க. ஆறு பிள்ளை பெத்தவங்க. அவங்களும் மாத்திரை வாங்கப் போகணும். தட்டுங்க" என்றேன்.

"திட்டுவாங்களே மேடம். அன்னிக்கு குழந்தை அழுததுக்கு வந்து கதவ இடிச்சாங்க."

"திட்டுவாங்க. திட்டிக்கிட்டே கூட வருவாங்க."

அப்படியேதான் நடந்தது. படியில் இறங்கும்போது தேசம்மா அந்தப் பெண்ணை ஒவ்வொரு மாடிக்கும் ஒரு தடவை திட்டினார். குழந்தை மட்டும் தேசம்மாவின் இடுப்பில் இருந்தது.

மே 2, வெள்ளி

ஒரு விதியை மீறியவளுக்கு மற்றவை சுலபம். இருபத்தொன்றில் கோதண்டம், துறைமுகத்தில் கூலியாக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பர் வாங்குகிறார், ஆனால் கண் தெரியவில்லை. பியூலாவுக்குப் பேப்பர் படிக்க ஆசை, வாங்க வழியில்லை. இது ஒரு கணக்கா? நானே பேப்பரைக் கொண்டுபோய்ப் பதினான்கில் கொடுத்து, அவளை இருபத்தொன்றுக்கு அனுப்பினேன். இப்போது சாயங்காலம் அவள் நடையில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கிறாள். கோதண்டம் ஒவ்வொரு செய்திக்கும் அரசாங்கத்தைத் திட்டுகிறார். தேசம்மா கோதண்டத்தைத் திட்டுகிறார்.

காலையில் என் கையில் 132/84. மிஷின் சரியாக இருக்கிறது.

மே 13, செவ்வாய்

அக்னி நட்சத்திரம். பஸ்ஸில் கம்பியைத் தொட முடியவில்லை. ஆனாலும் செவ்வாயும் வெள்ளியும் எனக்கு அலாரம் தேவைப்படுவதில்லை.

நடையில் பதினைந்து கதவு திறந்திருந்தது. எண்ணிப் பார்த்தேன். ராத்திரியும் திறந்துதான் கிடக்கிறதாம். "எவன் வந்தாலும் கோதண்டம் இருமிக்கினே கெடப்பாரு, தூங்கவே மாட்டாரு. வாச்மேனு இன்னாத்துக்கு?" என்றார் தேசம்மா. 138/86. ஆறு மணி நேரம் தூங்கினாராம். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மீதி ஒன்பது வீட்டில் சாத்தியே வைக்கிறார்கள். வயதுக்கு வந்த பெண்கள் இருக்கிற வீடு, குடிக்கிற ஆள் இருக்கிற வீடு, பழைய பகை உள்ள வீடு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூன்றாம் எண் வீட்டில் நாற்பத்தொரு டிகிரி. அந்த அம்மா தரையில் தண்ணீர் ஊற்றி அதன் மேல் படுக்கிறார்.

தேசம்மா வீட்டை விட்டு வரும்போது மணி ஐந்தரை. பேச்சு சுவாரசியத்தில் நேரம் போனது தெரியவில்லை. அவருக்குப் பேச ஆள் இல்லை பாவம்.

மே 30, வெள்ளி

ஆபீஸில் மீட்டிங். டாக்டர் ஆனந்தவல்லி திரையில் இரண்டு கோடு காட்டினார். பி பிளாக் கோடு இறங்குகிறது. டி பிளாக் கோடும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு இறங்குகிறது.

"வெள்ளை அடிச்ச வீட்டுலயும் தூக்கம் கூடியிருக்கு. அடிக்காத வீட்டுலயும் கூடியிருக்கு. வெப்பமானி கூட டி பிளாக்ல ஒன்றரை டிகிரி குறைச்சுக் காட்டுது. இப்படியே அனுப்பினா, வெள்ளை அடிச்சும் பிரயோஜனம் இல்லைன்னுதான் அர்த்தம். ஜூலைல ரிப்போர்ட் கேக்குறாங்க." அவர் குரல் சோர்ந்திருந்தது. மூன்று வருடமாக இதற்கு அலைந்திருக்கிறார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க டேப்ல நேரம் ஏதோ தப்பா பதிவாகுது மேடம். பதினேழாம் வீட்டுக்கு ஒரு மணி பத்து நிமிஷம், ஒன்றரை மணி நேரம்னு காட்டுது. டேப் கோளாறா?" என்றார்.

"ஆமா டாக்டர். அடிக்கடி ஹேங் ஆகுது" என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. மாணிக்கவேல் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். அவர் ஒரு வீட்டிலும் பதின்மூன்றாவது நிமிடம் இருந்ததில்லை.

ஜூன் 1, ஞாயிறு

துணி துவைத்தேன். ஃபிரிட்ஜைத் துடைத்தேன். மகள் போன் செய்யவில்லை, குரல் செய்தி அனுப்பியிருந்தாள். மூன்று தடவை கேட்டேன். தூக்கம் இல்லை.

உண்மையைச் சொன்னால் என்னை டி பிளாக் பக்கம் விடமாட்டார்கள். அதை மட்டும்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

போனேன். போகாமல் இருக்க முடியுமா? பன்னிரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுவது என்று முடிவோடுதான் போனேன்.

தேசம்மா 134/84. நடையில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார்: "நூத்தி முப்பத்தி நாலாம்! யாரு நம்பர் கம்மி?" பியூலா, கோதண்டம், இன்னும் நாலைந்து பேர் தங்கள் எண்ணைச் சொன்னார்கள். பரீட்சை ரிசல்ட் போல ஒரே கூத்து.

"எங்களுக்கு எப்ப வெள்ளை அடிப்பாங்க மேடம்?" என்று பியூலா கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் தேசம்மா சொன்னார்: "அடிப்பாங்கடீ. அதான் நல்லா நம்பரு குடுத்துகினு வரோமே. ஒழுங்கா மாத்திரை துன்னு, ஒழுங்கா தூங்கி. இதுக்கப்புறம் அடிக்காம போவாங்களா?"

அவர்கள் நல்ல எண் கொடுத்தால் பெயிண்ட் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல எண் கொடுப்பதால்தான் கிடைக்காமல் போகிறது. மூன்றாம் எண் வீட்டு அம்மா கதவு இடுக்கு வழியாக இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்த கோடையும் ஈரத் தரைதான், நான் வாயைத் திறக்காவிட்டால்.

டீ குடிக்கவில்லை. "இன்னாமே, உடம்பு சரியில்லயா?" என்று தேசம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஜூன் 4, புதன்

சொல்லிவிட்டேன்.

டேப் கோளாறு இல்லை என்பது, டீ, ஒன்றரை மணி நேரம், பியூலாவைத் தேசம்மா கதவைத் தட்டச் சொன்னது, பேப்பர், திறந்த கதவுகள், எல்லாம். கடைசியில் டாக்டர் ஆனந்தவல்லி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ரெண்டு மாசமா எனக்கு என்ன குடுத்திருக்கீங்க மேடம்?"

"எண் எதுவும் பொய் இல்ல டாக்டர். ஒவ்வொண்ணும் மிஷின் காட்டினது."

"எண் பொய் இல்ல. அது வெயில்ல இருந்து வந்ததா உங்ககிட்ட இருந்து வந்ததான்னு எனக்குத் தெரியாதே. அன்னிக்கே கேட்டேனே, டேப் கோளாறான்னு. நான் உங்களை நம்பித்தான் கேட்டேன்."

என் டேப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் ஒரு காகிதத்தை எடுத்தார். "எந்தெந்த வீட்டுல ராத்திரி கதவு திறந்திருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார். இருபத்து நான்கு வீட்டையும் வரிசையாகச் சொன்னேன். தேதியோடு சொன்னேன். என் நாட்குறிப்பில் இருக்கிறது. அவர் எழுதிக்கொண்டார்.

முடிவு: இன்னும் ஆறு வாரம் ஆய்வு நீளும். டி பிளாக்குக்கு ஜெனிஃபர் என்ற புதுப் பெண் போவாள். கதவு திறந்திருந்ததா என்ற கேள்வியும் சேரும். நான் ஆபீஸில் உட்கார்ந்து எண்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஆய்வு முடியும் வரை அந்த மாடியில் யாரோடும் எனக்குப் பேச்சு கூடாது. போன்கூட.

"போய்ச் சொல்லிட்டு வந்துடட்டுமா, ஒரே ஒரு தடவை?"

"வேண்டாம் மேடம்."

ஜூன் 16, திங்கள்

ஏசி அறை. என் மேஜைக்கு எதிரே சுவர். ஜெனிஃபர் கொண்டுவருகிற எண்களை ஏற்றுகிறேன்.

பதினேழு: 136/84. ஆறு மணி நேரத் தூக்கம்.

ஜூன் 23, திங்கள்

பதினேழு: 132/82.

நான் போகவில்லை என்றால் ஏறும் என்று நினைத்தேன். எழுதக் கூசுகிறது, ஆனால் எழுதுகிறேன்: ஏற வேண்டும் என்று காத்திருந்தேன். கொஞ்சம். ஒரு பத்து புள்ளி. அது ஏறவில்லை. நல்லதுதானே.

ஜூன் 30, திங்கள்

ஜெனிஃபரிடம் கேட்கக்கூடாது. கேட்டுவிட்டேன். "என்னைப் பத்தி யாராவது கேட்டாங்களா?"

"இல்லையே மேடம். யார் கேக்கணும்?"

நல்ல பெண். சரியாகப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறாள்.

ஜூலை 7, திங்கள்

பதினேழு: 134/84. பதினான்கு: குழந்தைக்கு வேர்க்குரு இல்லை என்று குறிப்பு. நடையில் பதினைந்து கதவு திறந்திருந்தது.

ஆபீஸில் சும்மா கிடந்த மிஷினில் என் கையைப் போட்டுப் பார்த்தேன். 154/96. பழைய மிஷின். இதைச் சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதி வைத்தேன்.

ஜூலை 18, வெள்ளி

டாக்டர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஜூன் நான்காம் தேதிக்குப் பிறகு முதல் தடவை.

கதவு சாத்தியே இருந்த ஒன்பது வீட்டையும் தனியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். அங்கே வெப்பமும் குறையவில்லை, தூக்கமும் கூடவில்லை. பி பிளாக்கோடு அவற்றை ஒப்பிட்டால் வெள்ளைப் பெயிண்ட் வேலை செய்வது தெரிகிறது. திறந்த வீடுகளில் கதவு வேலை செய்திருக்கிறது. இரண்டையும் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார், உள்ளே என்ன பிசகு நடந்தது என்பதையும். ஒன்பது வீடு என்பது சின்ன எண்ணிக்கை, வாரியம் ஏற்றுக்கொள்ளுமோ என்னவோ என்றார்.

"நீங்க தேதியோட சொல்லலேன்னா இதைப் பிரிச்சே பார்த்திருக்க முடியாது. ஆனா திரும்பவும் களத்துக்கு உங்களை அனுப்ப முடியாது, மேடம்."

இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். அதில் எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது. இன்றோடு என் வேலையும் முடிந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று யாரோடும் பேசவில்லை. நேற்றும். பால் பாக்கெட்காரரிடம் "ஒண்ணு போதும்" என்றேன், அதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டால் ஒழிய.

ஆகஸ்ட் 29, வெள்ளி

டாக்டரிடமிருந்து செய்தி. வாரியம் சம்மதித்துவிட்டது. டி பிளாக்குக்கு செப்டம்பர் பதினான்காம் தேதி அடிக்கிறார்கள். கீழே ஒரு வரி: ஆய்வு முடிந்துவிட்டது, இனி விதி எதுவும் இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

போகிறதா வேண்டாமா என்று பதினோரு மணி வரை முடிவாகவில்லை. எந்த முகத்தோடு போவது? கையில் மிஷின் இல்லை, டேப் இல்லை. கதவைத் தட்டினால் என்ன வேலையாக வந்தேன் என்று சொல்வது? பஸ் ஏறிய பிறகும் தெரியவில்லை.

மேலே பெயிண்ட்காரர்கள். கீழே நடை முழுக்க ஜனம். மூன்றாம் எண் வீட்டு அம்மாகூட வெளியே வந்து தலையை அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நடையிலிருந்து எதுவும் தெரியாது என்று தெரிந்தும். தேசம்மா முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பையி எங்க? மிசினு எங்க?"

"இல்ல தேசம்மா. வேலையை விட்டு எடுத்துட்டாங்க."

"அப்ப இன்னாத்துக்கு வந்த?"

"உங்களப் பாத்துட்டுப் போகலாம்னு" என்றேன்.

அவர் காலால் ஒரு மணையை என் பக்கம் தள்ளினார். "குந்து." பாதிக் கீரையை என் மடியில் கொட்டினார். பியூலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள், கோதண்டம் உள்ளேயிருந்து யார் யார் என்று கத்தினார். அதோடு அவர்கள் பழையபடி தங்கள் சண்டைக்குப் போய்விட்டார்கள். நான் கீரை ஆய்ந்தேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றிருந்தது. உங்களுக்குப் பேச்சுத் துணை என்று நினைத்து விதியை மீறினேன், அதனால் உங்களுக்குப் பெயிண்டே இல்லாமல் போகப் பார்த்தது, நான் பொய்யும் சொன்னேன் என்று எல்லாவற்றையும் தணிந்த குரலில் தேசம்மாவிடம் சொன்னேன். பிறகு, இத்தனை மாதத்தில் இந்தக் குறிப்பில்கூட எழுதாததையும் சொன்னேன். "வீட்டுல எனக்குப் பேச ஆள் இல்ல தேசம்மா."

அவர் கீரையிலிருந்து நிமிரவில்லை.

"வாரத்துக்கு ரெண்டு தபா வந்து, மிசினு பட்டைய அவுத்தப்புறமும் என் கையிய வுடாம ஒன்ற மணி நேரம் குந்திகினு இருப்ப. யாருக்கு நோவுன்னு எனக்குத் தெரியாதா இன்னா?"